மிக்கி இல்லாமல் ராட்டினம் சுற்றாதா?

கோடை விடுமுறை தொடங்கினால் இராமநாதபுரம் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். இவ்வளவு நீளக் கடற்கரை இருக்கிறது, ராமேசுவரத்துக்கு வருடம் முழுக்கக் கூட்டம் வருகிறது, ஒரு தீம் பார்க் கட்டினால் என்ன என்பார் ஒருவர். கட்டினால் மட்டும் போதாது, பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் பொம்மைகளை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பார் அடுத்தவர். நம் கரையில் வெளிநாட்டு எலிக்கு என்ன வேலை என்று மூன்றாமவர் சீறுவார். டீ ஆறிவிடும், பேச்சு ஆறாது.

உண்மையில் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதலாமவர் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாமவர் பேசுவது அறிமுகத்தைப் பற்றி. மூன்றாமவருக்கு உறுத்துவது சொத்துரிமை. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், கார்ட்டூன் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி பாதிக்கு மேல் தானாகவே தெளிந்துவிடும்.

வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்

நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். கதை என்ன என்று தெரியாதவர் கூட்டத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். முருகன் வேடனாக வருவார், கிழவனாக வருவார், கடைசியில் கல்யாணம் நடக்கும். எல்லாம் தெரிந்திருந்தும் பாயை விரித்துப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

கதை தெரிந்திருப்பதால் நாடகக்காரர்களுக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றுதான்: அறிமுகத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. நாரதர் யார், எதற்கு வந்தார் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். ஆர்மோனியம் இரண்டு கட்டை இழுத்ததும் நேராகத் தர்க்கத்துக்குள் இறங்கிவிடலாம். ஆனால் அந்தத் தர்க்கத்தில் சூடு இல்லையென்றால், வருவது முருகனே ஆனாலும் பாதிக் கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் நோட்டீஸில் வள்ளியாக நடிப்பவர் யார், நாரதராக நடிப்பவர் யார் என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

தீம் பார்க்கில் கார்ட்டூன் பாத்திரம் செய்யும் வேலையும் இதுதான். அறிமுகத்தை மிச்சப்படுத்தும். மீதி வேலையை வேறு எதுவோ செய்தாக வேண்டும். அது எது என்று பார்ப்போம்.

ஒரு ரைடுக்குள் என்ன இருக்கிறது

பொருட்காட்சித் திடலுக்குப் போனால் ராட்சத ராட்டினம், கொலம்பஸ் கப்பல், டோரா டோரா, மரணக் கிணறு எல்லாம் இருக்கும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் கிடையாது. ஏறினோம், வயிறு கலங்கியது, இறங்கினோம், அவ்வளவுதான். இதைக் கேளிக்கைப் பூங்காவின் சிறு வடிவம் என்று சொல்லலாம்.

அதே திடலின் ஓரத்தில், பிள்ளைகள் குதித்து விளையாடக் காற்றடைத்த ஒரு கோட்டை நிற்கும். அதற்கு நம் ஊரில் பெயரே மிக்கி மவுஸ்தான். ஒரு காது சரிந்திருக்கும், மூக்கில் ஒட்டுப் போட்டிருப்பார்கள், நிறமும் ஏறக்குறையத்தான் இருக்கும். குதிக்கும் பிள்ளை அந்த முகத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதற்கு வேண்டியது குதிப்பதற்கு ஓர் இடம். முகம் பார்ப்பது திடலின் வாசலில் நிற்கும்போதுதான். "அதுக்குப் போகணும்" என்று அப்பாவின் கையை இழுக்கும்வரை முகத்துக்கு வேலை இருக்கிறது.

தீம் பார்க் என்பது வேறு. ஒரு பகுதிக்குள் இருக்கும் கட்டடம், இசை, ஊழியர் உடை, உணவு, ரைடு எல்லாமே சேர்ந்து ஒரே கதையைச் சொல்லும் பூங்காவுக்குத்தான் அந்தப் பெயர். 1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலாந்து இந்த முறையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது.

இப்படிப்பட்ட பூங்காவில் உள்ள ஒவ்வொரு ரைடிலும் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் இயக்கம்: உடம்பு எப்படி ஆடுகிறது, விழுகிறது, சுற்றுகிறது என்பது. அதற்கு மேல் கதை: நாம் எங்கே இருக்கிறோம், என்ன ஆபத்து, எப்படித் தப்பிக்கிறோம் என்பது. எல்லாவற்றுக்கும் மேலே பாத்திரம்: அந்தக் கதையில் நமக்கு முன்பே தெரிந்த முகம். விவாதம் செய்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு முழு ரைடைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத படகு

மேல் அடுக்கு இல்லாமல் ரைடு நிற்குமா? தாராளமாக நிற்கும். அதற்குச் சாட்சி டிஸ்னிலாந்துக்குள்ளேயே இருக்கிறது.

1967-இல் அங்கே கடற்கொள்ளையர்களைப் பற்றி ஒரு ரைடு திறந்தார்கள். இருட்டான கட்டடத்துக்குள் கால்வாய் ஓடும். படகு மெதுவாக நகரும். இரண்டு இடங்களில் சட்டென்று கீழே இறங்கும். கால் மணி நேரம் போல ஓடும் பயணத்தில் எரியும் ஊர், குடித்துவிட்டுப் பாடும் கொள்ளையர்கள், சிறைக்கதவுச் சாவியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாய் என்று காட்சி காட்சியாக வரும். இப்படி மூடிய கட்டடத்துக்குள் வாகனத்தில் உட்காரவைத்துக் காட்சிகளைக் கடந்து கூட்டிப்போகும் வகைக்கு இருட்டு ரைடு என்று பெயர். அதிலுள்ள கொள்ளையர்கள் இயங்கு பொம்மைகள்; அதாவது ஒலிக்கு ஏற்றபடி வாயும் கையும் தலையும் அசையும்படி இயந்திரத்தால் ஓட்டப்படும் உருவங்கள்.

அந்தப் படகில் ஏறிய முதல் தலைமுறைக்கு உள்ளே இருந்த ஒரு முகம்கூடத் தெரிந்ததில்லை. படமும் இல்லை, கார்ட்டூனும் இல்லை. இருந்தும் கூட்டம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. 36 ஆண்டுகள் கழித்து, 2003-இல், அந்த ரைடை வைத்துத்தான் சினிமா எடுத்தார்கள். அந்தச் சினிமாவில் வந்த கப்பல் தலைவனின் உருவத்தை 2006-இல் ரைடுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ரைடு பெற்ற பிள்ளை ரைடுக்கே விருந்தாளியாக வந்த கதை இது. 1969-இல் திறந்த பேய் மாளிகையும் இதே வகை. அதுவும் எந்தப் படத்தையும் நம்பிப் பிறக்கவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிவிடலாம். இயக்கமும் கதையும் உறுதியாக இருந்தால் தெரிந்த முகம் இல்லாமலே ரைடு பல பத்தாண்டுகள் ஓடும். அப்படியானால் இன்று ஏன் எல்லாரும் கார்ட்டூனையே தேடி ஓடுகிறார்கள்?

நேரக் கணக்கும் பணக் கணக்கும்

முதல் காரணம் நேரம். கொள்ளையர் படகுபோல நீளமான ரைடுகள் குறைவு. பெரும்பாலான இருட்டு ரைடுகள் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் புதிய ஒருவரை அறிமுகப்படுத்தி, அவர் நல்லவர் என்று நம்பவைத்து, அவருக்கு ஆபத்து வந்தால் நாம் பதறும்படி செய்வது மிகவும் கடினம். தெரிந்த முகம் என்றால் அந்த வேலையை ஒன்றரை மணி நேரச் சினிமாவோ பல வருடத் தொலைக்காட்சியோ முன்கூட்டியே முடித்துக் கொடுத்திருக்கும்.

இரண்டாவது காரணம், டிக்கெட் எடுக்கும் முடிவு பூங்கா வாசலில் எடுக்கப்படுவதில்லை. அது வீட்டில், விளம்பரத்தைப் பார்த்து எடுக்கப்படுகிறது. படகு எப்படி ஆடும் என்பதைச் சுவரொட்டியில் காட்ட முடியாது, முகத்தைக் காட்டலாம். அதிலும் நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் ஒரு தைரியம். இருட்டுக்குள் போகப் பயப்படும் குழந்தை தனக்குத் தெரிந்த பாத்திரம் உள்ளே இருக்கிறது என்றால் ஏறிக்கொள்ளும். இதைக் கேலி செய்பவர்கள் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கும் போகாதவர்கள் என்றே நினைக்கிறேன்.

இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் டிஸ்னிலாந்துக்குப் பக்கத்திலேயே 2001-இல் திறந்த இரண்டாவது பூங்கா. ஆரம்பத்தில் கார்ட்டூன் பாத்திரங்கள் அங்கே குறைவு. கூட்டமும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 2012-இல் பேசும் கார்களின் படத்தை வைத்து ஒரு பகுதி முழுவதையும் கட்டியபின் நிலைமை மாறியது. பார்த்தீர்களா, கார்ட்டூன்தான் காப்பாற்றியது என்பார்கள். பாதி உண்மை. முதலில் கட்டியது செலவைச் சுருக்கிக் கட்டிய பூங்கா. இரண்டாவது முறை பாறை மலைகளையே எழுப்பிப் பெரும் பணத்தைக் கொட்டினார்கள். கார்களின் முகத்தை எடுத்துவிட்டாலும் அந்த வேகமும் அந்த மலையும் இருக்கும். மலையை எடுத்துவிட்டுக் காரின் முகத்தை மட்டும் வைத்தால் என்ன மிஞ்சும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முகத்துக்கு வாடகை உண்டு

இப்போது மூன்றாமவரின் சீற்றத்துக்கு வருவோம். வெளிநாட்டு எலி என்பது அவருக்கு மானப் பிரச்சினை. பூங்கா கட்டுகிறவருக்கோ அது கணக்குப் பிரச்சினை.

ஒருவர் மூளையில் உருவாகிச் சட்டப்படி அவருக்கோ அவர் நிறுவனத்துக்கோ சொந்தமாக இருக்கும் கதை, உருவம், பெயர் போன்றவற்றை அறிவுசார் சொத்து என்கிறோம். அதைப் பயன்படுத்த உரிமையாளர் எழுதித் தரும் அனுமதி உரிமம். அந்த அனுமதிக்காக வருமானத்திலிருந்து தொடர்ந்து செலுத்தும் பங்கு உரிமத்தொகை. ஜப்பானில் 1983-இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலாந்து டிஸ்னி நிறுவனத்துக்குச் சொந்தமானது அல்ல. ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் உரிமத்தொகை கட்டி நடத்துகிறது. நன்றாகவே நடத்துகிறது. ஆனால் அந்தப் பங்கைக் கட்டிய பிறகும் லாபம் பார்க்கும் அளவுக்குக் கூட்டமும் டிக்கெட் விலையும் அங்கே இருக்கின்றன.

உரிம ஒப்பந்தம் எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. 1994-இல் மார்வெல் என்ற காமிக்ஸ் நிறுவனம் தன் நாயகர்களைப் பூங்காவில் பயன்படுத்தும் உரிமையை, டிஸ்னிக்குப் போட்டியாகப் பூங்கா நடத்தும் யுனிவர்சல் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1999-இல் ஃப்ளோரிடாவில் அவர்களுக்கென ஒரு பகுதி திறந்தது. 2009-இல் டிஸ்னி மார்வெல் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தில் அடங்கிய நாயகர்களை டிஸ்னி தன்னுடைய ஃப்ளோரிடா பூங்காக்களில் ரைடாக வைக்க முடியவில்லை. வீட்டை வாங்கியவருக்கே மாடி அறை கிடைக்காத நிலை.

உருவம் வேறு, மூலக்கதை வேறு என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். மகாபாரதத்துப் பீமன் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் அவனை வரையலாம். ஆனால் லட்டு தின்றதும் பலம் வந்து பாயும் சோட்டா பீம் என்ற சிறுவன், 2008 முதல் தொலைக்காட்சியில் வரும் அந்த உருவம், ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனத்தின் சொத்து. மகாபாரதத்தைப் போல யாருடைய தனிச் சொத்தாகவும் இல்லாத படைப்புகளைப் பொதுவுடைமை என்பார்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஓர் எழுத்தாளரின் நூல் அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமையில் இருக்கும். பிறகு பொதுவுக்கு வந்துவிடும். 1928-இல் வந்த மிக்கியின் முதல் உருவமே அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 அன்று பொதுவுக்கு வந்துவிட்டது. பிற்கால உருவங்களில் பலவும் வணிகச் சின்னமும் இன்னும் வரவில்லை. ஆகவே பாலர் பள்ளிச் சுவரில் ஆளுக்கொரு மிக்கி வரைந்து வைத்திருப்பவர்கள் அதற்குள் கொண்டாட வேண்டாம்.

சுருக்கமாக: வெளியிலிருந்து வரும் முகம் வாடகை முகம். வாடகையும் உண்டு, நிபந்தனையும் உண்டு.

இடத்தை விழுங்கும் முகம்

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பாத்திரம் தனியாக வருவதில்லை, தன் ஊரையும் தன் மனநிலையையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

ஃப்ளோரிடாவில் உள்ள எப்காட் என்ற டிஸ்னி பூங்காவில் பல நாடுகளுக்குத் தனித்தனிப் பகுதிகள் உண்டு. நார்வே பகுதியில் 1988-இல் ஒரு படகு ரைடு வந்தது. வைக்கிங் கிராமம், மந்திரம் போட்டுப் படகைப் பின்னோக்கித் தள்ளும் பூதங்கள், புயலடிக்கும் கடலில் எண்ணெய்க் கிணறு என்று ஒரு நாட்டைக் கலந்துகட்டிக் காட்டியது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் அது நார்வே. 2014-இல் அதை மூடி, அதே நீர்வழியில் 2016-இல் பனி இளவரசிகளின் கார்ட்டூன் ரைடைத் திறந்தார்கள். வரிசை நீண்டது. பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். ஆனால் அந்த இளவரசிகளின் ராஜ்ஜியம் உலக வரைபடத்தில் கிடையாது. நிஜமான ஒரு நாட்டைக் காட்டக் கட்டிய பகுதியில், ரைடு இப்போது கற்பனை ஊரைக் காட்டுகிறது.

இதை நம் கரைக்குப் பொருத்திப் பாருங்கள். பாம்பனில் பஸ் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்று ரயில் பாலத்தைப் பார்க்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 1914-இன் பழைய பாலம் இருந்தபோதும் நின்றார்கள்; 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலத்துக்கும் நிற்கிறார்கள். வண்டிகளை நிறுத்தாதீர்கள் என்று போலீஸ்காரர் தொண்டை வற்றக் கத்துவார், யாரும் கேட்கமாட்டார்கள். காசு வாங்காத ரைடு அது. கடல், காற்று, ரயில், இது மூன்றும் போதும். அங்கே ஒரு கார்ட்டூன் ரயிலின் சிரிக்கும் முகத்தை மாட்டினால் கூடப்போவது எதுவும் இல்லை.

தனுஷ்கோடி இன்னும் கண்டிப்பான இடம். 1964 டிசம்பர் புயலில் ஒரு பயணிகள் ரயிலே கடலோடு போன ஊர். இடிந்த தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் பொம்மை வேடம் போட்டவர் கையசைத்துக்கொண்டு நிற்பதை நினைத்தாலே கூசுகிறது. துக்கம் நிற்கும் இடத்தில் குதூகலமான முகத்துக்கு இடமில்லை. அது எவ்வளவு பிரபலமான முகமாக இருந்தாலும் சரி.

ராமேசுவரத்தில் பஞ்சமுக அனுமன் கோயிலில் தொட்டியில் மிதக்கும் கல்லைப் பார்க்கிறார்களே, அதையும் கவனியுங்கள். தண்ணீர், ஒரு கல், அதைச் சுற்றி எட்டிப் பார்க்கும் தலைகள். கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் கதை மட்டும் என்றால் ஊரிலேயே கேட்டிருக்கலாம். கல் மட்டும் என்றால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். இரண்டும் பொருந்திய இடத்தில்தான் கூட்டம் நிற்கிறது. பக்தியை ரைடாக மாற்றச் சொல்லவில்லை. அது கூடவே கூடாது. பொருத்தம் என்றால் என்ன என்பதற்காகச் சொல்கிறேன்.

சொந்த முகம் வளர்ப்பது

வாடகை முகம் வேண்டாம் என்றால் முகமே வேண்டாம் என்று பொருளில்லை. நெதர்லாந்தில் எஃப்டலிங் என்ற பூங்கா 1952-இல் தேவதைக் கதைக் காட்டைத் திறந்தது. பெரும்பாலும் பாட்டி சொன்ன கதைகள், பொதுவுடைமை. அங்கே ஒரு குண்டு மனிதரின் உருவம் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும். குழந்தைகள் பாட்டில் வரும் ஆள்தான் அவர். வாயில் காகிதத்தைக் கொண்டுபோனால் உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்வார். அவர் ஒரு குப்பைத் தொட்டி. அவருக்குக் கொடுப்பதற்காகவே பிள்ளைகள் தரையில் காகிதம் தேடி அலைகிறார்கள். முகத்துக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள், அந்த வேலையால் முகம் பிரபலமாகிவிட்டது.

நம் பக்கத்தில் வொண்டர்லா என்ற கேளிக்கைப் பூங்காவுக்குச் சிக்கு என்ற சொந்தச் சின்னம் இருக்கிறது. போய்விட்டு வந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், சிக்குவைப் பற்றி ஒரு வரி சொன்னால் தண்ணீர்ச் சறுக்குகளைப் பற்றிப் பத்து வரி சொல்வார்கள். அதில் தவறில்லை. இயக்கத்தை நம்பும் பூங்காவுக்குச் சின்னம் வாசலில் கையசைத்தால் போதும்.

நம் கரையில் சின்னம் என்றதும் எல்லாரும் ஆவுளியாவைச் சொல்வார்கள். கடற்பசுவுக்கு நம் மீனவர்கள் வைத்த பெயர். உருண்டை உடம்பு, சாந்தமான முகம், கடற்புல் மேயும் பிராணி. பொம்மையாக்க அதைவிடத் தோதான உருவம் கிடையாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் அமைத்த கடல் தேசியப் பூங்கா காக்கும் உயிர்களில் அதுவும் ஒன்று. ஆனால் எஃப்டலிங்கைப் பார்த்துவிட்டு ஆவுளியா வாயில் பிளாஸ்டிக்கைப் போடச் சொல்லும் குப்பைத் தொட்டியை மட்டும் யாரும் செய்துவிடக்கூடாது.

காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுப் பயணத்துக்குச் சின்னம்கூடத் தேவையில்லை. சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களையும் கொக்குகளையும் பார்க்கப் போகிறவருக்கு வழிகாட்டியின் குரல் போதும்.

கயிறு பிடிக்கும் மச்சான்

சரி, நம் கரையில் பூங்கா வந்தே தீரும் என்று வைத்துக்கொள்வோம். கடலோரக் கட்டுமான விதிகளைப் பார்த்தால் அலையடிக்கும் இடத்தில் கட்ட முடியாது, உள்ளே தள்ளித்தான் கட்ட வேண்டும். அதில் என்ன வைக்கலாம்?

முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி, விறுவிறுவென்று ஆழத்துக்கு இறங்குவார். கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் அள்ளுவார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் இழுத்து மேலே தூக்குவார். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் அக்கா தங்கையின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது.

இப்போது இயந்திரத்தைப் பாருங்கள். உயரத்திலிருந்து இருக்கையோடு சட்டென்று கீழே விழும் கோபுர ரைடு உலகம் முழுக்க இருக்கிறது. பலவற்றில் அடியில் காந்தங்கள் வேகத்தை மட்டுப்படுத்தும், அதற்கு மின்சாரம்கூட வேண்டாம். உச்சியில் படகுத்தளம், அங்கிருந்து விழுதல், அடியில் இருட்டும் நீர்வெளிச்சமும், பிறகு மெதுவாக மேலே இழுபடுதல். இயக்கமும் கதையும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்காருகின்றன. பாத்திரம் மச்சான். வரிசையில் நிற்கும் அரை மணி நேரத்தில் அவரை அறிமுகப்படுத்திவிடலாம்: மாப்பிள்ளையோடு அவருக்கு ஏதோ மனத்தாங்கல், காலையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை என்று சுவர்ச் சித்திரங்களில் காட்டினால் போதும். அடியில் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் தலையை நிமிர்த்தி மேலேதான் பார்ப்பார்கள்.

அவர் முகத்துக்கு உரிமத்தொகை கிடையாது. ஆனால் அவரை யாருக்கும் தெரியாது என்பதால் முதல் சில வருடங்கள் சுவரொட்டியைப் பார்த்துக் கூட்டம் வராது. ஏறி இறங்கியவர்கள் ஊரில் போய்ச் சொல்லித்தான் வர வேண்டும். அதுவரை தாங்கும் பணம் கையில் இருப்பவர்தான் மச்சானை நம்பி இறங்கலாம். இல்லாதவர் வாடகை முகத்தைத் தேடிப் போவதில் எனக்கு வியப்பில்லை.